கொல்லாதவர்கள், உண்டவர்கள்

ஜெர்மனியில் ஐஸ் ஹாக்கி தேசியப் பட்டம் வென்றவர்களின் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: பெர்லினர் ஷ்லிட்ஷூ கிளப். 1893இல் தொடங்கிய சறுக்குச் சங்கம் அது. 1912இல் முதல் சாம்பியன்ஷிப் நடந்தபோது பட்டம் அதற்கு. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதற்கே. முதல் உலகப் போர் ஓய்ந்து ஆட்டம் மறுபடி சூடு பிடித்தபோதும் அந்தச் சங்கம்தான் முன்னால் நின்றது. 1922இல் மியூனிக்கின் எம்.டி.வி. அணியும், 1927இல் பவேரிய மலையடிவாரத்து ரீஸர்சே அணியும் இடையில் புகுந்தன. 1928 முதல் 1933 வரை ஆறு ஆண்டுகள் வேறு யாராலும் நெருங்க முடியவில்லை.

அந்த ஆதிக்கத்துக்குத் திறமை மட்டும் காரணமல்ல. 1910 நவம்பரில் பெர்லினின் போட்ஸ்டாமர் தெருவில் ஸ்போர்ட்பலாஸ்ட் என்ற பெரிய அரங்கம் திறந்தது. கூரைக்கு அடியிலேயே இயந்திரத்தால் ஐஸ் தரை உண்டாக்கிய இடம். ரீஸர்சே என்பதோ ஓர் ஏரியின் பெயர். ஏரி உறைந்தால் ஆட்டம், இளகினால் மட்டையைச் சுவரில் சாத்த வேண்டியதுதான். பெர்லின்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. சுவீடனின் நில்ஸ் மோலாண்டர் போன்ற வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் அவர்களுக்காக ஆடினார்கள்.

நான் கோவில்பட்டிக்காரன். ஹாக்கிப்பட்டி என்றே எங்கள் ஊரைச் சொல்வார்கள். ஆடியது கொஞ்ச காலம்தான். அதன் பிறகு மைதானத்து ஓரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து மேட்ச் ஷீட் எழுதுவதே என் வேலையானது. பெயர், ஜெர்சி எண், கோல் விழுந்த நிமிடம், பச்சை அட்டை, மஞ்சள் அட்டை. அதனால் எந்த நாட்டுப் பட்டியலைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, இந்த மேஜையில் உட்கார்ந்தவன் எதை எழுத இடமில்லாமல் தவித்திருப்பான் என்பதுதான். வந்தவர்களுக்கு மேட்ச் ஷீட்டில் இடமுண்டு. வராதவன் ஏன் வரவில்லை என்று எழுத அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஐஸ் ஹாக்கியை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ஜெர்மன் பட்டியல் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. 1933 வரை ஷ்லிட்ஷூ கிளப். 1934இல் அதே நகரத்தின் பிராண்டன்பர்க் சங்கம். 1935இல் ரீஸர்சே. 1936, 1937 மறுபடி ஷ்லிட்ஷூ கிளப். இதை மட்டும் வாசிக்கிறவர், அணி இரண்டு ஆண்டு தளர்ந்து பிறகு எழுந்து நின்றது என்றுதான் நினைத்துக்கொள்வார்.

அந்த இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் ஓர் ஆள் இருக்கிறார். ரூடி பால், ஷ்லிட்ஷூ கிளப்பின் ஆட்டக்காரர். 1911இல் பெர்லினில் பிறந்தவர். குள்ளமான உடம்பு, மின்னல் வேகம். அவருடைய சகோதரர்கள் கெர்ஹார்டும் ஹைன்ஸும் ஹாக்கி ஆடியவர்கள்தான். 1932இல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெர்மனி வெண்கலம் வென்றபோது அந்த அணியில் ரூடி இருந்தார். யூதப் பின்னணி கொண்ட குடும்பம். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், வசந்த காலம் முடிவதற்குள் விளையாட்டுச் சங்கங்களிலிருந்து யூதர்களை வெளியேற்றும் வேலை தொடங்கிவிட்டது. ரூடி நாட்டை விட்டுப் போனார். முதலில் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் மோரிட்ஸ், பிறகு இத்தாலியின் மிலான். அங்கங்கே இருந்த அணிகளுக்கு ஆடினார்.

வெளியே நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று ஷ்லிட்ஷூ கிளப்புக்குத் தெரியாமல் இல்லை. உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை 1920இல் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கழகம் விலக்கி வைத்தது. திரும்பச் சேர்த்துக்கொண்டது 1926இல். அந்த விலக்கம் நீடித்த காலத்திலேயே சுவிட்சர்லாந்தின் டாவோஸில் கார்ல் ஷ்பெங்லர் என்ற மருத்துவர் 1923இல் ஒரு கோப்பையை ஏற்படுத்தினார். போரில் எதிரெதிராக நின்ற நாடுகளின் இளைஞர்கள் ஒரே ஐஸ் தரையில் சந்திக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். முதல் கோப்பையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணி வென்றது. 1924இல் வென்றது பெர்லினர் ஷ்லிட்ஷூ கிளப், 1926இலும் 1928இலும் அதுவே. உலகம் கதவைச் சாத்தியிருந்தபோது ஒரு மனிதர் திறந்துவிட்ட வாசல் வழியாக உள்ளே வந்த சங்கம் அது. 1933இல் தன் வாசலில் நின்றவனுக்கு அது என்ன செய்தது என்று கேட்கும் உரிமை, இதைப் படித்த எவருக்கும் உண்டு.

1936 பிப்ரவரியில் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹனில் குளிர்கால ஒலிம்பிக். ரீஸர்சே ஏரி இருக்கும் அதே ஊர். ஐந்து மாதங்களுக்கு முன்புதான் நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்திருந்தன. வெளிநாட்டார் கண்ணில் படக் கூடாதென்று யூதர்களுக்கு எதிரான அறிவிப்புப் பலகைகளை ஊரிலிருந்து கழற்றினார்கள். அந்த நேரத்தில் ஜெர்மன் அணியின் பெரிய நட்சத்திரம் குஸ்டாவ் யேனெக்கே. டேவிஸ் கோப்பை டென்னிஸும் ஆடியவர், ரூடியின் சங்கத் தோழர். ரூடி இல்லாமல் நான் ஆட மாட்டேன் என்று அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. ரூடி அழைக்கப்பட்டார், வந்தார், ஆடினார். காயம்பட்டதால் கடைசி ஆட்டங்களில் இறங்கவில்லை. அவர் திரும்பி வந்ததற்கு விலையாக, பெற்றோரை நாட்டை விட்டுப் போகவிடும் பேரம் இருந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள்.

ரூடி செய்தது சரியா என்ற கேள்வி இங்கே தானாக எழுகிறது. கம்பனைக் கேட்டு வளர்ந்தவர்கள் உடனே இரண்டு தம்பிகளை நிறுத்துவோம். அறம் இந்தப் பக்கம் இல்லை என்று கண்டு விலகிப் போனவன் விபீடணன். அண்ணன் செய்தது தவறென்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவன் சோற்றைத் தின்றதற்காகப் போருக்குப் போய் மாண்டவன் கும்பகர்ணன். ரூடி எந்தத் தம்பி? நான் நெடுநாள் யோசித்தேன். இரண்டு பேரும் இல்லை. அந்த இருவருக்கும் இலங்கையில் அரண்மனை இருந்தது. அண்ணன் அவர்களைத் தம்பி என்றே அழைத்தான். போவதும் இருப்பதும் அவர்கள் தேர்வு. ரூடியை அவர் பிறந்த நாடு தன் ஆள் இல்லை என்று சட்டம் போட்டுச் சொல்லிவிட்டது. பெற்றோரை அங்கே வைத்திருக்கும் ஒருவனிடம் நீ ஆடியது அறமா என்று கேட்பது, கேள்வியை ஆள் மாற்றிக் கேட்பது. கழுத்தில் கத்தி வைத்தவன் பக்கத்திலேயே நிற்கும்போது, கத்திக்குக் கீழே இருப்பவனின் ஒழுக்கத்தை அளக்க நமக்கு ஏன் இத்தனை அவசரம்?

யேனெக்கேயிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. அவர் செய்தது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்றைய ஜெர்மனியில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவே நெஞ்சுரம் வேண்டும். நட்புக்காகச் சொன்னாரா, வெல்ல வேண்டும் என்ற ஆசைக்காகச் சொன்னாரா என்று துருவுவதிலும் எனக்கு விருப்பமில்லை. மனிதர் செய்யும் நல்லதில் ஆசை கலக்காத நல்லது எவ்வளவு? நான் பார்ப்பது அந்த வாக்கியத்தின் அளவை. ரூடி இல்லாமல் ஆட மாட்டேன் என்றார். யூதர்களை விலக்கிய அணியில் ஆட மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. முதல் வாக்கியத்தை அந்த அரசால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. ஏற்றுக்கொண்டதால் லாபமும் கிடைத்தது. பாருங்கள், எங்கள் அணியில் யூதனும் இருக்கிறான் என்று உலகத்துக்குக் காட்ட முடிந்தது. ஒருவனை உள்ளே விட்டதே, மற்ற எல்லோரையும் வெளியே வைத்ததற்கு நற்சான்று ஆகிவிட்டது.

இதை எனக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கோயில் கொடைப் போட்டியில் மேட்ச் ஷீட் எழுதப் போயிருந்தேன். ஊர் அணியில் காலனிப் பையன் ஒருவன் சென்டர் ஃபார்வர்ட். அவன் இல்லாமல் அந்த அணிக்கு அரையிறுதிகூடக் கிடையாது. அவனைவிடக் கொஞ்சமே குறைவாக ஆடும் காலனிப் பையன்கள் மூன்று நான்கு பேர் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் அவன் பெனால்டி கார்னரில் கோல் போட்டதும் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். இரவு பந்தியில் மற்றவர்களுக்கு இலை விழுந்தது, அவனுக்குப் பொட்டலம் வந்தது. நாங்கள் எல்லாம் வித்தியாசம் பார்க்கிறதில்லை சார், நம்ம அணியையே பாருங்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, மனமார நம்பித்தான் சொன்னார். அதுதான் என்னை நடுங்க வைத்தது.

இந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வருவது நீலகேசி. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று, சமணர் நூல். அதைச் சமயதிவாகர உரையோடு அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தது 1936இல். நீலகேசி பழையனூர்ப் பேயாக இருந்து, ஒரு சமண முனிவரால் மனம் மாறி, பிறகு ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் வாதிடுகிறாள். பௌத்தர்களோடு அவள் நடத்தும் சண்டையில் ஊன் உண்பது பெரிய விஷயம். பௌத்தர் தரப்பு எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. செயல் என்பதே எண்ணம்தான், கொல்ல நினைக்காதவனுக்குக் கொலைப்பாவம் இல்லை என்கிறார்கள். பிச்சை ஏற்கும் துறவிக்கு அவர்கள் வைத்த விதியும் நுட்பமானது. இந்த உயிர் எனக்காகக் கொல்லப்பட்டதை நான் பார்த்திருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படியோ என்று சந்தேகமும் எழுந்திருக்கக் கூடாது. மூன்றும் இல்லையென்றால் உண்ணலாம். நீலகேசி விடுவதில்லை. உண்பவன் இருப்பதால்தான் கொல்பவன் கத்தி எடுக்கிறான் என்கிறாள். வள்ளுவரும் புலால் மறுத்தலில் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்.

சிறு வயதில் எனக்கு நீலகேசியின் வாதம்தான் சரி என்று பட்டது. வயது ஏற ஏறப் பௌத்தரின் மூன்று நிபந்தனைகள்மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. உலகத்தில் நடக்கும் எல்லாக் கொடுமைக்கும் நானே பொறுப்பு என்று சொல்கிறவன், கடைசியில் எதற்கும் பொறுப்பேற்க மாட்டான். பார்த்தாயா, கேட்டாயா, சந்தேகப்பட்டாயா என்பது ஒரு மனிதனிடம் நேர்மையாகக் கேட்கக் கூடிய கேள்வி.

அதே கேள்வியை ஸ்போர்ட்பலாஸ்டில் சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். அவர்கள் யாரையும் அடிக்கவில்லை. சட்டம் எழுதவில்லை. சனிக்கிழமை மாலை ஹாக்கி பார்க்க வந்தவர்கள். ஆனால் போன ஆண்டு பக்கத்து இருக்கையில் இருந்த குடும்பம் இந்த ஆண்டு இல்லை, அதைப் பார்த்தார்கள். அந்த அரங்கத்திலேயே ஹாக்கி இல்லாத இரவுகளில் நாஜிக் கட்சியின் கூட்டம் நடக்கும், யூதர்களைப் பற்றி அங்கே பேசியதைக் கேட்டார்கள். 1943 பிப்ரவரி 18 அன்று முழுமையான போர் வேண்டுமா என்று கோயபல்ஸ் கேட்க, கூட்டம் ஆமென்று ஆர்ப்பரித்ததும் அதே கூரையின் கீழ்தான். சந்தேகம் எழ இதற்கு மேல் என்ன வேண்டும்? பௌத்தரின் தாராளமான விதிப்படியே பார்த்தாலும் மூன்று நிபந்தனையும் உடைந்துவிட்டன. நீலகேசி வாய் திறக்கவே தேவையில்லை. கொல்லவில்லை, உண்டார்கள்.

மறுக்க முடிந்திருக்குமா என்றால், முடிந்தது. வியன்னாவின் ஹக்கோவா சங்கத்தில் யூடித் டாய்ச் என்று ஒரு நீச்சல் வீராங்கனை. 17 வயது. அதே 1936இல் நடந்த பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஆஸ்திரியா அவரைத் தேர்ந்தெடுத்தது. யூதர்களை வதைக்கும் நாட்டில் நான் நீந்த மாட்டேன் என்று மறுத்தார். அவருடைய சங்கத்தைச் சேர்ந்த ரூத் லாங்கரும் லூசி கோல்ட்னரும் மறுத்தார்கள். ஆஸ்திரிய நீச்சல் சங்கம் யூடித்துக்குத் தடை விதித்து, அவர் பெயரிலிருந்த தேசியச் சாதனைகளையெல்லாம் பதிவேட்டிலிருந்து அழித்தது. 1995இல்தான் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப எழுதினார்கள். வந்து ஆடியவரின் பட்டம் பட்டியலில் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது, வர மறுத்தவரின் சாதனை 59 ஆண்டு காணாமல் போனது. பதிவேடு எழுதுகிறவர்களுக்கு எல்லாம் நான் சொல்லிச் சொல்லி ஓயாத கதை இது.

யூடித்தை உயர்த்துவதற்காக ரூடியைத் தாழ்த்த எனக்கு மனம் வரவில்லை. வீரம் செய்தவரை வணங்கலாம். வீரம் செய்யாதவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே பெரிய இடம் இருக்கிறது, பெரும்பாலான மனிதர்கள் அங்கேதான் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. 1939இன் ஜெர்மன் ஐஸ் ஹாக்கி சாம்பியன் யார் என்று பட்டியலில் பார்த்தால் வியன்னாவின் எங்கெல்மான் சங்கம். ஒரு நாடு காணாமல் போன செய்தி, ஹாக்கிப் பட்டியலில் ஊர்ப் பெயராக மட்டும் பதிவாகியிருக்கிறது. ரூடி போர்க்காலத்திலும் பெர்லினிலேயே இருந்தார், ஆடினார். 1941 அக்டோபரில் அதே நகரத்தின் கிரூனவால்ட் நிலையத்திலிருந்து யூதர்களை ஏற்றிய ரயில்கள் கிழக்கே புறப்படத் தொடங்கின. அவர் உயிர் பிழைத்தார். அந்த இரவுகளில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு எழுத வராது.

இதை எழுதுகிற நானும் அந்தப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவன்தான். எங்கள் ஊரில் மட்டை பிடித்த எவனும் 1936 ஆகஸ்ட் 15ஐக் கேட்காமல் வளர்ந்ததில்லை. பெர்லினில் இறுதி ஆட்டம், தயான் சந்த் தலைமையில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று சாய்த்தது. பிற்பாடு நமக்குச் சுதந்திர நாளான தேதியே அது என்று சொல்லும்போது எங்கள் பயிற்சியாளரின் குரல் தழுதழுக்கும். அந்தத் தங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அடிமை நாட்டிலிருந்து போன ஆட்டக்காரர்கள் எந்த ஒலிம்பிக்குக்குப் போவது என்று தீர்மானிக்கும் நிலையில் இல்லை. ஆனால் பையன்களுக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது இப்போது நான் எட்டுக் கோலோடு நிறுத்துவதில்லை. அதே ஒலிம்பிக்குக்கு வர மறுத்த 17 வயதுப் பெண்ணையும் சேர்த்தே சொல்கிறேன். ஒருமுறை ஒரு பையன், அப்படியானால் நாம் ஆடியது தப்பா சார் என்று கேட்டான். அதை அவனே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் அவனைத் தொந்தரவு செய்ய வேண்டிய கேள்வி அது.

1948இல் ரூடி பால் ஜெர்மனியை விட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். நிம்மதியாக இருந்திருப்பார் என்று இங்கே முடித்துவிட ஆசைதான். ஆனால் அந்த ஆண்டு மே மாதம்தான் அங்கே தேசியக் கட்சி தேர்தலில் வென்று நிறவெறி ஆட்சியைத் தொடங்கியது. 1950இல் ஒவ்வொரு மனிதரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம், யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரிக்கும் சட்டம். 1953இல் பூங்கா, கடற்கரை, அரங்கம் என்று பொது இடங்களைப் பிரிக்கும் சட்டம். நியூரம்பர்க்கில் தவறான பக்கத்தில் எழுதப்பட்டவர், ஜோகன்னஸ்பர்க்கில் வெள்ளையர் பக்கத்தில் எழுதப்பட்டார். அங்கேயும் ஐஸ் ஹாக்கி ஆடினார். 1975இல் அந்த நகரத்திலேயே காலமானார். 2004இல் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தது.

பெர்லினில் அவரிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது. அங்கே அவர் கழுத்தில் கத்தி இல்லை. அந்த நகரத்தின் பேஜ்வியூ பகுதியில் இந்தியர்கள் கடை வைத்துக் குடியிருந்தார்கள், தமிழ்க் குடும்பங்களும் அவர்களுக்குள் உண்டு. அது வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, அவர்கள் ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த லெனேசியாவுக்கு விரட்டப்பட்டார்கள். வெளியே நிறுத்தப்படுவது என்னவென்று அந்த நகரத்தில் இருந்த எவரையும்விட நன்றாக அறிந்த மனிதர் அவர். பார்த்தீர்களா, கேட்டீர்களா, சந்தேகப்பட்டீர்களா, ஐயா?